நாற்பத்தோரு லாரிகளும் ஓர் இருமலும்

சலூன்காரரின் மனைவி ஒரு போரை நிறுத்திவிட்டார் என்று தெருவில் பேச்சு.

எந்தப் போர் என்று கேட்டால் ஆளுக்கொரு போரைச் சொன்னார்கள். மருந்துக்கடைக்காரர் சொன்ன போரில் கப்பல்கள் இருந்தன. இஸ்திரி போடுபவர் சொன்னதில் அணுகுண்டே இருந்தது. அது பாதி வழியில் திரும்பிப் போயிருந்தது. தையல் கடைப் பெண்மணி மட்டும் கொஞ்சம் நிதானமாக, "போர்னு சொல்ல முடியாது, பெரிய தகராறு" என்றார். எப்படி நிறுத்தினார் என்பதிலும் ஒற்றுமை இல்லை. ஒரு பொத்தானை அமுக்கினாராம். இல்லை, அமுக்க வேண்டிய பொத்தானை அமுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். ஒரே ஒரு விஷயத்தில்தான் எல்லோரும் ஒத்துப்போனார்கள். செய்தியைக் கேட்ட இடம் சலூன், சொன்னவர் சலூன்காரர். தொண்டைக்குப் பக்கத்தில் சவரக் கத்தி இருக்கும்போது கேட்ட செய்தி என்பதால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை.

அந்தக் குறுக்குக் கேள்விகளைச் சலூனுக்கு வெளியே நின்று கேட்டுப் பார்த்ததில் தெரியவந்தது இதுதான்: செய்தி பாதி உண்மை. சலூன்காரர் பின்பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் போரை நிறுத்தியது நிஜம். ஆனால் அதற்கு முன்னால், கிட்டத்தட்ட ஆரம்பித்து வைத்ததும் அவர்தான்.

தெருவில் அவருக்குச் செக்கிங் அம்மா என்று பெயர். பதினான்கு வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசையில் நின்றவர். டியூப்லைட்டுக்குக் கீழே சட்டையை விரித்தால் ஒன்பது நொடி. அதற்குள் விட்டுப்போன தையலோ இழுபட்ட நூலோ கண்ணில் பட வேண்டும், அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் விழ வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கடையில் தக்காளியைத் திருப்பிப் பார்ப்பார், பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசலைப் பார்ப்பார், கணவர் முடி வெட்டி அனுப்பிய ஆளைத் தெருவில் நிறுத்தி, "இந்தக் கிருதா ஒரு நூல் ஏறியிருக்கு, திரும்பப் போய்ச் சரி பண்ணிக்குங்க" என்பார். கணவருக்கு இதில் கோபமும் பெருமையும் சரிபாதி.

தொழிற்சாலை மூடப்பட்டபின் இரண்டு வருடம் அவர் வீட்டில் இருந்தார். வீட்டில் கணவரின் அக்காவும் இருந்தார். அந்த அண்ணி பகையாளி எல்லாம் இல்லை. ஆனால் ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்காது. "மாடி ஒட்டடை அப்படியே இருக்கே" என்பதை வணக்கம் சொல்வதுபோல் தினமும் சொல்வார். ஆகவே படம் பார்க்கும் வேலை ஒன்று கிடைத்தபோது செக்கிங் அம்மாவுக்கு அது சம்பளத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஒட்டடை இல்லாத இடம்.

மரச்சாமான் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் அந்த அலுவலகம். பெயர்ப்பலகை கிடையாது, விரல் வைத்தால் திறக்கும் கதவு மட்டும் உண்டு. முன்பு அது நடன வகுப்பு நடந்த கூடம். ஒரு சுவர் முழுக்க ஆளுயரக் கண்ணாடி. அதைக் கழற்றச் செலவாகும் என்பதால், ரகசியம் காக்க, பழுப்புக் காகிதம் ஒட்டி மூடியிருந்தார்கள். இருபத்திரண்டு நாற்காலிகள், இருபத்திரண்டு திரைகள். செல்பேசியை வாசலில் உள்ள இரும்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

வேலை எளிது. வானத்திலிருந்து செயற்கைக்கோள் எடுத்த படங்களைச் சதுரம் சதுரமாக வெட்டி அனுப்புவார்கள். படத்தில் தெரியும் பொருளைச் சுற்றிப் பெட்டி வரைந்து, பட்டியலிலிருந்து பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லாரி, ராணுவ லாரி, படகு, கட்டடம், கூடாரம், தெரியவில்லை. எந்த நாட்டுப் படம் என்று சொல்ல மாட்டார்கள். எண் மட்டும் இருக்கும். பல நாடுகள் சேர்ந்து நடத்தும் கண்காணிப்பு மையம் ஒன்று இருக்கிறது. சண்டை ஓய்ந்த எல்லைகளில் யாராவது மறுபடி ஆயுதம் கொண்டுவருகிறார்களா என்று இயந்திரத்தை வைத்துப் பார்ப்பது அதன் வேலை. அந்த இயந்திரத்துக்கு எது லாரி, எது வீடு என்று முதலில் யாராவது சொல்லித்தர வேண்டும். அந்த யாராவது மரச்சாமான் கடைக்கு மேலே இருந்தார்கள்.

தவறு நடக்காமல் இருக்க மையம் ஒரு நல்ல விதியை வைத்திருந்தது. ஒவ்வொரு சதுரத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். இருவரும் ஒரே பெயரைப் போட்டால் அது 'உறுதி'. வேறு வேறு பெயர் போட்டால் மூன்றாம் ஆள் பார்ப்பார். இதுவரை யாருக்கும் குறை இல்லை. இந்த நல்ல விதிக்கு மேலே அலுவலகத்தின் மேற்பார்வையாளர் தம் பங்குக்கு இரண்டு விதிகளைச் சேர்த்தார். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் இருவருக்கும் புள்ளி குறையும். ஒரு நாளில் மூன்றுக்கு மேல் 'தெரியவில்லை' போட்டாலும் புள்ளி குறையும். மாதக் கடைசியில் புள்ளி குறைந்த மூன்று பேருக்கு வேலை இல்லை. மேற்பார்வையாளருக்கு முப்பது வயது இருக்கும். நல்ல பையன்தான், ஆனால் எதையும் நூற்றுக்கு எத்தனை என்றுதான் பேசுவார். எல்லோரும் அவரைச் சதவீதம் என்றே அழைத்தார்கள், முகத்துக்கு முன்னால் மட்டும் சார்.

இப்படி ஒரு ஏற்பாட்டை இருபத்திரண்டு பேர் நடுவில் வைத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. அடுத்தடுத்த நாற்காலிக்கு ஒரே சதுரங்கள் ஒரே வரிசையில் வருகின்றன என்பதை மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். பேசக் கூடாது, திரும்பக் கூடாது. இருமக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஓர் இருமல் என்றால் ராணுவ லாரி. இரண்டு என்றால் கட்டடம். தொண்டையைச் செருமினால் படகு. தெரியவில்லை என்பதற்கு மட்டும் அடையாளம் எதுவும் வைக்கவில்லை, யாருக்கும் அது தேவைப்படவில்லை. ஒரு மாதத்தில் அந்தக் கூடம் காசநோய் மருத்துவமனைபோல ஒலித்தது. ஒப்புதல் நூற்றுக்கு எண்பத்தொன்றிலிருந்து தொண்ணூற்றொன்பதுக்கு ஏறியது. சதவீதத்துக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. தூசி காரணமாக இருக்கலாம் என்று அவர் இரண்டு முறை ஏசியைச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிட்டார்.

செக்கிங் அம்மாவின் பக்கத்து நாற்காலியில் சர்வேயர் இருந்தார். நிலம் அளப்பதில் முப்பது வருடம் ஓட்டிய மனிதர். அந்த வேலையைப் பறக்கும் கேமரா எடுத்துக்கொண்டதால் இங்கே வந்தவர். மனைவிக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், செலவைக் கம்பெனி தரும் மருத்துவ அட்டை பார்த்துக்கொண்டது. அவர் சட்டைப்பையில் எப்போதும் தொண்டை மிட்டாய் டப்பா ஒன்று இருக்கும். மற்றவர்கள் இருமலுக்காக அதைச் சாப்பிடுவார்கள். இவர் இருமி இருமி வந்த வலிக்காகச் சாப்பிட்டார்.

இருவருக்குள்ளும் ஒழுங்கான கணக்கு ஒன்று இருந்தது. ஒரு நாள் இவர் முதலில் இரும வேண்டும், மறுநாள் அவர். முதலில் இருமுபவர்தான் முடிவெடுக்கிறார். மற்றவர் பின்னால் போகிறார். தன் முறையில் முடிவெடுக்க முடியாமல் ஒருவர் திணறினால் மற்றவர் கைகொடுக்கலாம், ஆனால் அது பாக்கி. "உங்களுக்கு ஒண்ணு பாக்கி அண்ணே" என்று சாயங்காலம் பெட்டகத்தருகே செக்கிங் அம்மா சொல்வார். மறுநாள் காலை முதல் சதுரத்திலேயே அண்ணன் தீர்த்துவிடுவார். இதில் இருவரும் வெகு நாணயம்.

ஒரே ஒரு பாக்கி மட்டும் நின்றுபோனது.

அன்று சர்வேயர் முறை. திரையில் வந்தது பழைய படம், முந்தைய குளிர்காலத்தில் எடுத்தது. ஊசிக் காது போல வளைந்த ஓர் ஓடை. கரையில் நீளநீளமாக, கரும்பச்சையாக, நான்கு உருவங்கள். ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் சின்ன வட்ட நிழல். லாரியின் நீளம், லாரியின் அகலம். வட்டம் மட்டும் என்னவோ உறுத்தியது. சர்வேயர் இருமவில்லை. திரை மூலையில் நொடி ஓடிக்கொண்டிருந்தது. செக்கிங் அம்மா ஓரக்கண்ணால் பார்த்தார். மனிதர் வாயைத் திறந்தார், மூடினார், மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கினார். இருவருக்கும் அன்றைய மூன்று 'தெரியவில்லை' காலையிலேயே தீர்ந்திருந்தது. இன்னும் ஆறு நொடி.

செக்கிங் அம்மா ஒருமுறை இருமினார்.

இரண்டு திரையிலும் ராணுவ லாரி விழுந்தது. 'உறுதி' என்று பச்சை வெளிச்சம் வந்தது. மறுநாள் சர்வேயர் மனைவியோடு மருத்துவமனையில் இருந்தார். அதற்கு மறுநாள் பாக்கியை இருவரும் மறந்துவிட்டார்கள்.

இயந்திரம் மறக்கவில்லை. அந்த நான்கைப் பார்த்து, அதேபோல் இருப்பதெல்லாம் ராணுவ லாரி என்று கற்றுக்கொண்டது.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சலூனில் கூட்டம். கணவருக்குச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போன செக்கிங் அம்மா, கண்ணாடிக்கு மேலே இருந்த டிவியைப் பார்த்தபடி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். எங்கோ இரண்டு நாடுகளுக்கு நடுவே, ஆயுதமே நுழையக் கூடாது என்று ஒப்பந்தம் போட்ட நிலப்பகுதியில், நாற்பத்தோரு ஏவுகணை லாரிகள் நிற்கின்றனவாம். கண்காணிப்பு இயந்திரம் கண்டுபிடித்துவிட்டதாம். புதன்கிழமை விடிவதற்குள் அகற்றாவிட்டால் குண்டு போடுவோம் என்கிறது ஒரு நாடு. எங்கள் லாரியே இல்லை, போட்டால் திருப்பிப் போடுவோம் என்கிறது மற்றது. இரண்டு பக்கமும் வீட்டில் இருந்த ஆண்களைச் சீருடை போடச் சொல்லிக் கூப்பிட்டாகிவிட்டது. படத்தில் நாற்பத்தோரு சிவப்புப் பெட்டிகள். நடுவில் ஊசிக் காது போல வளைந்த ஓடை.

"ஏங்க, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க."

"எதுக்கு? எங்கயோ ரெண்டு பேரு அடிச்சுக்கிறான். இங்க இவருக்கு மீசை ஒரு பக்கம் நிக்குது" என்றார் சலூன்காரர்.

"அந்தப் பெட்டி நான் போட்டது."

"எந்தப் பெட்டி?"

"சிவப்புப் பெட்டி. இது அந்த ஓடைதான்."

நாற்காலியில் நுரையோடு இருந்தவர் மெல்லத் தலையைத் திருப்பினார். "அம்மா டிவியிலயா வேலை பாக்குறாங்க?"

"நீங்க ஆடாதீங்க" என்ற சலூன்காரர் மனைவியிடம், "நீ படத்துல ரெண்டு கோடு போட்டதுக்கா ஊரே அடிச்சுக்குது? உனக்கு எல்லாத்துலயும் பழுது தெரியும், விடு."

"நாப்பத்தோரு லாரி வந்து நிக்குது. சேத்து நிலம். ஒரு டயர் தடத்தைக் காட்டுங்க பாப்போம்."

சலூன்காரர் டிவியைப் பார்த்தார். நுரைக்காரரும் பார்த்தார்.

"காத்து அழிச்சிருக்கும்."

"நாப்பத்தொண்ணுக்குமா?"

டிவியில் நான்கு வல்லுநர்கள் உட்கார்ந்து, ஏவுகணை எவ்வளவு தூரம் போகும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். லாரியா என்று ஒருவரும் கேட்கவில்லை. பெட்டி போட்டுவிட்டால் அதற்குள் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை என்பது செக்கிங் மேசையில் நின்ற யாருக்கும் தெரியும். 'சரி' என்று முத்திரை விழுந்த அட்டைப்பெட்டியை எந்தக் கப்பல் கம்பெனியும் பிரித்துப் பார்த்ததில்லை. இவர்கள் போட்டது வெறும் ராணுவ லாரி. அது வழியில் எங்கேயோ, யாருடைய கையிலோ, ஏவுகணையும் ஏற்றிக்கொண்டிருந்தது.

வீட்டில் அண்ணி முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "சொன்னா வேலை போகும்ல?" என்றார்.

"போகும் அண்ணி."

"போனா போகட்டும். மாடி ஒட்டடை அப்படியே இருக்கு."

செக்கிங் அம்மாவுக்கு அன்று தூக்கம் வரவில்லை என்றால் அதற்குப் போர் மட்டும் காரணம் இல்லை.

திங்கட்கிழமை காலை பெட்டகத்தருகே சர்வேயர் செல்பேசியைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, டிவி பாத்தீங்களா?"

"பாத்தேன்மா."

"அது லாரி இல்லண்ணே."

சர்வேயர் சாவியை எடுத்து, திரும்பப் போட்டு, மறுபடி எடுத்தார். "நாத்துக் குடில் தங்கச்சி. கம்பியை வளச்சு, மேல பிளாஸ்டிக் போட்டு, பனி வந்தா தார்ப்பாய் போத்துவாங்க. அந்த வட்டம் தண்ணி டிரம்மு. முப்பது வருஷம் வயல் வயலா நடந்தவன், எனக்குத் தெரியாதா?"

"அப்ப அன்னைக்கே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு. பட்டியல்ல குடில்னு ஒண்ணு இல்லையே."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணே!"

"எத்தன இருமல்ல சொல்றது?"

"வாங்க, ரெண்டு பேருமா போய்ச் சொல்லிடலாம்" என்றார் செக்கிங் அம்மா.

சர்வேயர் அவரைப் பார்க்காமல் பெட்டகத்தின் எண்ணைப் பார்த்தார். "செவ்வாய், வியாழன், சனி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் மனைவிக்கு ரத்தம் சுத்தம் செய்யும் நாட்கள்.

செக்கிங் அம்மா தனியாகச் சதவீதத்தின் அறைக்குப் போனார்.

"மேடம், நம்ம ஒப்புதல் எவ்வளவு தெரியுமா? தொண்ணூத்தொன்பது புள்ளி ரெண்டு. உலகத்துலயே எங்கயும் கிடையாது. நம்ம படத்தை மையம் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்குது."

"அதுதான் சார் பிரச்சினை. போன கோடையில எடுத்த படம் இருக்குமா, அதே இடம்?"

இருந்தது. சதவீதம் எடுத்துப் போட்டார். ஓடை அதேதான். லாரி நின்ற இடங்களில் வெறும் கம்பி வளைவுகள், நடுவே பச்சை வரிசைகள், முனையில் அதே வட்டம். அதற்கு முந்தைய குளிர்காலப் படத்தில் கரும்பச்சை. இந்தக் குளிர்காலத்துப் படங்களில், ஏழு வாரமாக, ஓர் அங்குலம் அசையாத கரும்பச்சை.

"எந்த லாரி சார் கோடையில பச்சையா முளைக்கும்?"

சதவீதம் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "எத்தனை சதவீதம் நிச்சயமா சொல்றீங்க?"

"நூறு சார்."

"நூறுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது மேடம்" என்றார், அழாத குறையாக. ஆனாலும் திருத்தக் கோரிக்கைப் படிவத்தைத் திறந்தார். அதற்காக அவரை ஒரு வார்த்தை பாராட்டத்தான் வேண்டும், திறக்காமலே இருந்திருக்கலாம். படிவத்தில் தவறுக்கான காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது: கைத்தவறு, மேகம், நிழல், படத் தெளிவின்மை, மற்றவை. இருமல் இல்லை. 'மற்றவை' என்று போட்டார்கள்.

ஒரு மணி நேரத்தில் மையத்திலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. திரையில் குட்டை முடி வைத்த பெண் அதிகாரி. அவர் பேசுவதை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சொன்னார். ஆகவே பெண்ணின் உதடு அசைந்தது, கட்டை ஆண் குரல் வந்தது, அதுவும் மேடைத் தமிழில்.

"தாங்கள் அளித்த படங்களைக் கண்ணுற்றோம். ஆயினும் இவ்விடம் இருவரால் தனித்தனியே உறுதி செய்யப்பட்டது. ஒருவர் மட்டும் மறுப்பது போதாது. மற்றவர் எங்கே?"

சர்வேயரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து கதவோரம் நின்றார். கன்னத்தில் மிட்டாய் உப்பியிருந்தது.

"ஓராண்டுக்கு முன்னர் இருவரும் ஒரே தவற்றைச் செய்தீர்கள். போர் மூளும் தறுவாயில் அதை மாற்றிச் சொல்கிறீர்கள். இருவர் கண்ணுக்கும் ஒரே பிழை எவ்வாறு நேர்ந்தது? மாற்றிச் சொல்லுமாறு எவரேனும் தங்களை அணுகினார்களா?"

செக்கிங் அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. உண்மையைச் சொல்ல வந்தவரை, காசு வாங்கிக்கொண்டு வந்தவராகப் பார்க்கிறார்கள். இருமலைச் சொல்லிவிட்டால் நம்புவார்கள். ஆனால் சொன்னால் தனக்கும் சர்வேயருக்கும் மட்டுமல்ல, வெளியே இருந்த இருபது பேருக்கும் சேர்த்து வேலை போகும். சொல்லாவிட்டால் புதன்கிழமை விடியும்.

அவர் சர்வேயரைப் பார்த்தார். மனிதரே, ஒரு வார்த்தை வேண்டாம். ஒருமுறை இருமுங்கள். நானும் இருந்தேன் என்பதற்கு அது போதும். அதன்பிறகு சேர்ந்தே சொல்லலாம், சேர்ந்தே போகலாம். உங்களுக்கு ஒன்று பாக்கி இருக்கிறது.

சர்வேயர் மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

"யாரும் வரலைங்க" என்றார் செக்கிங் அம்மா. "நான் எட்டிப் பாத்துப் போட்டேன். அந்தச் சுவத்துல கண்ணாடி இருக்கு. காகிதம் ஒரு மூலையில கிழிஞ்சிருக்கு. அதுல இவரு திரை தெரியும். இவரு என்ன போட்டாரோ அதைப் பாத்து அப்படியே போட்டேன். நான் தனியாப் பாக்கவே இல்ல."

சதவீதம் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். காகிதம் கிழிந்துதான் இருந்தது. உள்ளங்கை அளவு.

கட்டைக் குரல் சர்வேயரிடம் கேட்டது: "தாங்கள் தனித்தே பார்த்தீர்களா?"

"ஆமாங்க" என்றார் சர்வேயர்.

"தாங்கள் கண்டது வாகனம் என்பதில் ஐயம் உண்டா?"

"உண்டுங்க. இப்ப பாத்தா குடில் மாதிரிதான் தெரியுது."

மையத்தின் விதி தெளிவானது. இரண்டு சாட்சி என்றால் பெட்டி சிவப்பு. ஒரு சாட்சி என்றால் மஞ்சள். மஞ்சளை யாராவது நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும். அந்தக் கணம் முதல் நான்கும், அவற்றை நம்பி இயந்திரம் போட்ட மற்றவையுமாக, நாற்பத்தோரு பெட்டிகளும் மஞ்சள் ஆயின. வாழ்நாளில் அடுத்தவள் மேசையைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர் சொன்ன ஒரு பொய்யில்.

செவ்வாய் மதியம் இரண்டு பார்வையாளர்கள் வெள்ளை ஜீப்பில் போய் இறங்கினார்கள். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்கள். உள்ளே மிளகாய் நாற்று. நட்டவர் ஓடிவந்து, மூடுங்க மூடுங்க, பனி உள்ள போகுது என்று சத்தம் போட்டாராம். அன்று மாலை, தொழில்நுட்பக் காரணங்களால் எழுந்த பதற்றம் தணிந்தது என்று டிவி சொன்னது. புதிதாக நான்கு வல்லுநர்கள் வந்து, தொழில்நுட்பம் எப்படி அமைதியைக் காக்கிறது என்று பேசினார்கள். சீருடை போட்ட ஆண்கள் அதைக் கழற்றி மடித்து வைத்தார்கள்.

சக பணியாளரின் திரையைப் பார்த்த குற்றத்துக்காகச் செக்கிங் அம்மாவுக்கு வேலை போனது. கடிதத்தைச் சதவீதமே கொண்டுவந்து கொடுத்தார். "மேடம், நீங்க செஞ்சது..." என்று தொடங்கியவர், எத்தனை சதவீதம் என்று சொல்லத் தெரியாமல் நிறுத்திக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்கள். நாற்காலிகளுக்கு நடுவே பலகைத் தடுப்பு வைத்தார்கள். அதைத் தாண்டியும் இருமல் நன்றாகவே கேட்கிறதாம். பட்டியலில் 'நாற்றுக் குடில்' என்று புதிதாக ஒரு வரி சேர்ந்தது. ஒரு நாளைக்கு மூன்று என்றிருந்த 'தெரியவில்லை' நான்கு ஆனது.

அடுத்தவரைப் பார்த்து எழுதியதற்காகத் துரத்திவிட்டார்கள் என்றுதான் முதலில் தெருவில் பரவியது. தையல் கடையிலிருந்து இந்தச் சேதி வந்த அன்று, அண்ணியே முகம் சிவந்து தம்பியிடம் போனார்.

"டேய், நாலு பேரு நாலு விதமாப் பேசுறாங்க. கேட்டுக்கிட்டு சும்மா கத்தி தீட்டிட்டிருக்க?"

"நான் என்னக்கா செய்யட்டும்?"

"உன் கடைக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேரு வர்றான்? வாயைத் திற."

சலூன்காரர் வாயைத் திறந்தார். வதந்தியின் பிறப்பு இப்படித்தான். ஒரே வாரத்தில் தெரு பழைய சேதியை மறந்தது. பழைய சேதியைப் பரப்பிய அதே தையல் கடைப் பெண்மணி, பள்ளிச் சீருடைகளைச் செக்கிங் செய்ய செக்கிங் அம்மாவை வேலைக்குக் கூப்பிட்டார். மாடி ஒட்டடை இன்னும் அப்படியே இருக்கிறது.

சலூன்காரருக்கு ஒரு சந்தேகம் மட்டும் போகவில்லை. "ஏம்மா, பதினாலு வருஷம் வேலை பாத்த. பக்கத்து மேசையைத் திரும்பிப் பாத்தவ இல்ல நீ. உண்மையாவே எட்டிப் பாத்தியா?"

"சாப்பிடுங்க, ஆறுது" என்றார் மனைவி.

ஒரு புதன்கிழமை. செவ்வாயும் இல்லை, வியாழனும் இல்லை. சர்வேயர் முடி வெட்டிக்கொள்ள வந்தார். அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு சலூன் உண்டு. துணியைப் போர்த்தி உட்கார்ந்திருந்தபோது செக்கிங் அம்மா டப்பாவோடு உள்ளே வந்தார். இருவரும் கண்ணாடிக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லா இருக்கியா தங்கச்சி?"

"இருக்கேண்ணே. உங்க வீட்ல அண்ணி எப்படி இருக்காங்க?"

"போயிட்டு வர்றா. நேத்தும் போனா."

"நல்லதுண்ணே."

சலூன்காரர் பின்கழுத்தில் கத்தி வைத்தார்.

"உங்களுக்கு ஒண்ணு பாக்கி இருக்குண்ணே" என்றார் செக்கிங் அம்மா.

"தெரியும்மா."

"என்ன பாக்கி?" என்றார் சலூன்காரர்.

சர்வேயர் கண்ணாடியைப் பார்த்தார். தோள் கொஞ்சம் உயர்ந்தது. துணிக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்து வாயருகே போனது.

"அட, ஆடாதீங்க சார்! கழுத்துல கத்தி இருக்கு."

கை கீழே இறங்கியது. கத்தி எடுத்தாகிவிட்டது, பவுடர் போட்டாகிவிட்டது, துணியை உதறியாகிவிட்டது. சர்வேயர் எழுந்து கூலியைக் கொடுத்தார். வாசல் வரை போய் நின்றார். சட்டைப்பையிலிருந்து மிட்டாய் டப்பாவை எடுத்து, அதைத் திறந்து, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

"வரேன்மா" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.

செக்கிங் அம்மா வாசலில் நின்று, அவர் பின்கழுத்தைப் பார்த்தார். "ஏங்க, இடது பக்கம் ஒரு நூல் ஏறியிருக்கு" என்றார். "திரும்பக் கூப்பிடட்டுமா?"

"அடுத்த தடவை பாத்துக்கலாம், விடு" என்றார் சலூன்காரர்.

சர்வேயர் மருந்துக்கடைத் திருப்பத்தைத் தாண்டும் வரை செக்கிங் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.